வரிசையில் குறுக்கே வருபவரிடம் என்ன சொல்வது? நல்ல வாசகம் தேவை

வணக்கம். காத்திருப்பு அறையில் முன்மேசையில் இருப்பவர்களுக்காக ஒரு பக்கக் கையேடு தயாரிக்கிறோம். சில இடங்களில் உங்கள் யோசனை வேண்டும்.

நாலு கவுண்டருக்கு நாலு வரிசை வைத்தால், பக்கத்து வரிசை வேகமாக நகர்வதைப் பார்த்தே எரிச்சல் கிளம்பும். ஒரே வரிசையாக நிறுத்தி, காலியாகும் கவுண்டருக்கு அடுத்தவரை அனுப்பினால் முந்தி வந்தவர் முந்திப் போவார். அதுவரை தெளிவு. ஆனால் "ஒரே ஒரு கேள்விதான்" என்று நேராக வருபவரை எப்படித் திருப்புவது? "வரிசையில வாங்க" என்பது அதட்டலாகப் படுகிறது. "வரிசை அந்தத் தூண்கிட்ட முடியுதுங்க, அங்க நில்லுங்க" என்று தகவலாகச் சொன்னால் உறுத்தல் குறைவு. இதைவிட நயமாகச் சொல்ல முடியுமா?

அடுத்தது ஸ்பீக்கரில் போன் பேசுவது. சுற்றிலும் சத்தம் கூடினால் மற்றவர்களும் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார்கள். இதற்கு லொம்பார் விளைவு என்று பெயர். அதனால் முதல் ஆளிடமே, பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில் சொல்லிவிட வேண்டும். தூரத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னால் எல்லார் முன்னும் மானம் போனதாக நினைப்பார், பிறகு வாக்குவாதம்தான். செவித்திறன் குறைந்தவருக்கு ஸ்பீக்கர் தேவைப்படலாம். அவரைச் சங்கடப்படுத்தாமல் கேட்கும் வழி எங்களுக்குப் பிடிபடவில்லை.

கடைசியாக, திட்டு வாங்கிய ஊழியர் அந்தக் கடுப்பை அடுத்தவரிடம் காட்டிவிடுகிறார். இரண்டு பேர் இருந்தால் சற்று நேரம் இடம் மாறிக்கொள்ளலாம். ஒருவரே இருக்கும் மேசையில் என்ன செய்கிறீர்கள்? சொல்லும் வாசகத்தை அப்படியே எழுதுங்கள்.