கலைச்சொல் உதவி: 'டிஃபால்ட்' – இயல்புநிலையா, முன்னிருப்பா, கொடாநிலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு செயலியின் அமைப்புகள் பக்கத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைத்தாக வேண்டும். 'டிஃபால்ட்' (பயனர் எதையும் மாற்றாதவரை செயலி தானாக வைத்திருக்கும் அமைப்பு) 43 வரிகளில் வருகிறது. டிஃபால்ட் உலாவி, டிஃபால்ட்டாக ஒலிக்கும், இதையே டிஃபால்ட் ஆக்கு, டிஃபால்ட்டுக்குத் திரும்பு என்று நாலு விதமாக. எனக்கு முன்னால் கைவைத்தவர்கள் இயல்புநிலை, முன்னிருப்பு, கொடாநிலை மூன்றையும் கலந்து வைத்திருக்கிறார்கள். பொத்தானில் 12 எழுத்துக்கு மேல் போனால் வால் வெட்டுப்படுகிறது. எதை நிறுத்துவது?

– தெ.

---

தெ. அம்மா,

கொடாநிலைதான். பயனர் எதையும் கொடாதபோது இருக்கும் நிலை, பொருள் கச்சிதம். 'கொடா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வருமொழி வல்லினமானால் ஒற்று மிகும், 'வாராக்கடன்' போல. இங்கே வருவது மெல்லின நகரம், ஆகவே இயல்பாகவே நிற்கும். ஆங்கிலச் சொல்லின் வேரிலும் 'தவறுதல், இல்லாமற்போதல்' என்ற பொருள்தான். இயல்புநிலை என்பது 'நார்மல்' என்பதற்கு உரியது. அதைப் பறித்து இதற்குக் கொடுத்தால் நாளை அதற்கு எங்கே போவோம்?

– ந.

---

ந. ஐயா சொன்ன 'வாராக்கடன்'தான் சிக்கலே. கடன் தவணை தவறுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல். பணம் செலுத்தும் செயலியில் 'கொடாநிலை' என்று பார்த்தால் தவணை கட்டவில்லை என்றுதான் படிப்பார்கள். போதாக்குறைக்குக் கொடாக்கண்டன் வேறு நினைவுக்கு வருவான். முன்னிருப்பும் கணக்குப் புத்தகக்காரர்களுக்குப் பழைய பாக்கிதான்.

அந்த 12 எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் எண்ணுவது நம் எழுத்தை அல்ல, குறியீட்டை. 'க்கு' நமக்கு இரண்டு, அதற்கு நான்கு (க, புள்ளி, க, உகரக்குறி). 'இயல்புக்குத் திரும்பு' 11 எழுத்தும் ஓர் இடைவெளியும், குறியீட்டில் 21. நிரலர்களிடம் எண்ணிக்கை வரம்பை எடுத்துவிட்டுப் பொத்தானின் அகலத்தை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: 'இதையே டிஃபால்ட் ஆக்கு' வரியில் 'இதை' இருக்குமிடத்தில் செயலியின் பெயர் தானாக வந்து விழும் என்றால், வேற்றுமை உருபு ஒட்டாது. 'குரோம்ஐ' என்று திரையில் வரும். 'இயல்பு உலாவி: குரோம்' என்று பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

– ச.

---

கொடாநிலை என்றதும் ஒரு கேள்வி. தொல்காப்பிய எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றும் இரவின் கிளவி, அதாவது இரந்து கேட்கும் சொற்கள். ஈ என்று கேட்பவன் தாழ்ந்தவன், தா என்பவன் ஒப்பானவன், கொடு என்பவன் உயர்ந்தவன். கொடாநிலை என்றால் கேட்கிற பொறி உயர்ந்தது, பயனர் கீழே! மரியாதையான மென்பொருளுக்கு 'ஈயாநிலை' அல்லவா வேண்டும்?

– வ.

---

ஈயாநிலை என்றால் ஈ மொய்க்கும். தவிர, அந்த வேறுபாடு கேட்பவரின் கூற்றுக்கு உரியது. எதிர்மறைப் பெயரெச்சத்தில் ஏறாது. வ. விளையாடுகிறார்.

– ந.

---

விளையாடவில்லை. எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே 'வாளா' உண்டு. வாளா இருந்தான் என்கிறோமே. 'வாளாநிலை' என்று வைத்தால் நார்மலோடும் மோதாது, கடனோடும் மோதாது.

– வ.

---

வாளோடு மோதும். பொத்தானில் யாரும் உரை எழுதிவைக்க மாட்டார்கள்.

– ச.

---

ஒலிப்பதிவுப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. 'முன்னமைவு' என்று யாரும் கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது ப்ரீசெட்டுக்கு வேண்டும். ப்ரீசெட் பலவற்றில் நாமாக எடுப்பது. டிஃபால்ட் நாம் எடுக்காததால் வருவது. இசை மென்பொருள் பலவும் புதிய கோப்பை நிமிடத்துக்கு 120 தட்டு, 4/4 என்றுதான் திறக்கும். மெட்டை முதலில் பாடிப் பார்த்து, அதன் நடையைத் தட்டி அளந்து எண்ணை மாற்றினால் நல்லது. மாற்றாமல் தாளச் சத்தத்தைப் போட்டுப் பாட ஆரம்பித்தால் 104-இல் நிற்க வேண்டிய பாட்டும் 120-க்கு ஓடும். குரல் பதிந்தபின் வேகத்தைக் குறைக்க ஒலியை இழுத்தால் சொற்களின் விளிம்பு கரகரக்கும். எழுத்துருவும் இப்படித்தான். வேர்டில் 2007 பதிப்பிலிருந்து கலிப்ரி வந்தது, உலகத்து விண்ணப்பங்களெல்லாம் கலிப்ரியில் வந்தன. யாரும் விரும்பி எடுத்ததல்ல. இதை 'இயல்பு' என்பது எனக்கு உறுத்துகிறது.

– இ.

---

எனக்கும் அதே உறுத்தல். இயல்பு என்றால் தானாக அமைந்தது. டிஃபால்ட்டை ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார், சில சமயம் காசு கொடுத்தும். ஐபோன் உலாவியில் கூகுள் தேடல் முதலில் நிற்பதற்காக 2022-இல் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. 2003-இல் வந்த உறுப்புதான ஆய்வில், நாமாகச் சேர வேண்டிய ஜெர்மனியில் சம்மதம் 12 விழுக்காடு. வேண்டாம் என்று சொல்லாதவரெல்லாம் சேர்ந்துவிடும் ஆஸ்திரியாவில் 99-க்கும் மேல். இரு நாட்டாரின் இயல்பா இவ்வளவு வேறுபடுகிறது? படிவம்தான் வேறு. 'முன்வைப்பு' என்றால் என்ன? முன்பே யாரோ வைத்தது.

– ச.

---

முன்வைப்பு என்றால் வைப்புத்தொகை கட்டச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். கொடாநிலைக்குச் சொன்ன குற்றம் உங்கள் சொல்லுக்கும் உண்டு, தம்பி. கருத்துத் தெளிவு வேண்டுமென்றால் 'முன்தேர்வு' எனலாம். ஆனால் பரீட்சை வந்து நிற்கும். தேர்வு என்ற சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்பியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

– ந.

---

ஐயா, எல்லோருக்கும் நன்றி. நாளை மறுநாள் வெள்ளி. கைபேசிகளில் 'இயல்புநிலை' பார்த்துப் பழகியவர்கள் அதிகம். புரியாத தூய சொல்லைவிடப் பழகிய அரைகுறைச் சொல்லே பயனரை வேலை செய்யவிடும். ஆகவே:

பொத்தான்: 'இயல்புக்குத் திரும்பு'
அடை: 'இயல்பு உலாவி', 'இயல்பு மொழி'
வினையடைக்குச் சொல்லே வேண்டாம். 'டிஃபால்ட்டாக ஒலிக்கும்' என்பதை 'நீங்கள் மாற்றாதவரை ஒலிக்கும்' என்கிறேன்.

சம்மதம் கேட்கும் இரண்டு இடங்களில் மட்டும் ச., இ. சொன்னதை ஏற்கிறேன். விளம்பர மடலுக்கு ஏற்கெனவே 'டிக்' போட்ட பெட்டி இருக்கிறது. அங்கே இயல்பு என்று எழுத மனம் வரவில்லை. 'நாங்கள் குறியிட்டது, எடுத்துவிடலாம்' என்று போட்டேன். நிறுவனம் ஒத்துக்கொள்ளுமா தெரியாது.

– தெ.

---

ஐரோப்பாவில் அந்தச் செயலி போகுமென்றால் அந்தப் பெட்டியே கூடாது. முன்பே குறியிட்ட பெட்டி சம்மதம் ஆகாது என்று 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. சொல் தேடும் வேலை உங்களுக்கு மிச்சம்.

– ச.

---

'மாற்றாதவரை' நன்றாக இருக்கிறது. அதுவும் எதிர்மறைப் பெயரெச்சம்தான் என்பதைக் கவனிக்க! கொடாநிலையை மறுத்தவர்கள் அதன் உடன்பிறப்பை உள்ளே விட்டிருக்கிறீர்கள். பொத்தானில் என் உடன்பாடு இல்லை. சொற்பட்டியலில் கொடாநிலையை மாற்றுச்சொல்லாகவாவது குறித்துவையுங்கள்.

– ந.

---

அப்படியே வாளாநிலையையும்.

– வ.