மறு: கன்ட்ரோல் வேரியபிள் – ‘கட்டுமாறி’ சரிவருமா?

அன்புள்ள ஐயா, வணக்கம். சோதனையில் மாறிவிடாமல் நாம் பிடித்து வைக்கிற காரணிதான் கன்ட்ரோல் வேரியபிள். அதற்குக் ‘கட்டுமாறி’ என்ற சொல்லை நான் முன்வைத்ததற்கு நீங்கள் கேட்டது:

> ‘கட்டுப்பாட்டு மாறி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. நானும் அந்தச் சொல்லைத்தான் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தேன். எங்கே இடித்தது என்று சொல்கிறேன்.

தனி ஊசல் சோதனை. நூல் நுனியில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை நொடி என்று எண்ண வேண்டும். எடையைக் கூட்டினால் நேரம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு மாணவி முதல் நட்டின் கீழே இரண்டாவதை, அதன் கீழே மூன்றாவதைக் கோத்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் உயரம். 25 சென்டிமீட்டர் நூலை அவள் தொடவே இல்லை. நேரம் முக்கால் நொடி போலக் கூடியது. ‘எடை கூடினால் அலைவு நேரம் கூடும்’ என்று எழுதிவிட்டாள். ஏட்டில் ‘கட்டுப்பாட்டு மாறி: நூலின் நீளம்’ என்றும் இருந்தது.

ஆனால் ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் அல்லவே. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தூரம். நட்டு கீழே கீழே சேரச் சேர மையமும் இறங்கிவிட்டது. மூன்றையும் ஒரே மட்டத்தில் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டினோம், வித்தியாசம் போய்விட்டது. அவள் கவனக்குறைவான பிள்ளை இல்லை. ‘கட்டுப்பாட்டு மாறி’ அவளுக்கு ஏட்டில் நிரப்புகிற ஓர் இடமாக மட்டுமே இருந்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1668-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியில் புழு தானாக உண்டாகிறதா என்று பார்க்க, ஒரே மாதிரி இறைச்சியை இரு தொகுதிக் குடுவைகளில் வைத்து, ஒன்றை மூடினார், மற்றதைத் திறந்துவிட்டார். திறந்ததில்தான் புழு வந்தது. இதில் திறந்த குடுவை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அமைப்பு. இறைச்சி ஒரே மாதிரி இருந்தது வேறு சங்கதி. நாம் இரண்டுக்குமே ‘கட்டுப்பாடு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். தேர்வில் பிள்ளைகள் மாற்றி எழுதினால் அவர்களை எப்படிக் குறை சொல்வது? முதலாவதை ‘ஒப்பீட்டு அமைப்பு’ என்று பிரித்துவிடலாம்.

சரி, கன்ட்ரோல் வேரியபிளுக்கு மற்றவர்கள் பரிந்துரைத்த சொற்களுக்கு வருகிறேன்.

‘மாறிலி’ வேண்டாம். ஈர்ப்பு மாறிலி நாம் என்ன செய்தாலும் மாறாது. இதுவோ விட்டால் மாறிவிடும், நாம்தான் விடாமல் பிடித்து வைக்கிறோம். ‘மாறாக் காரணி’யிலும் அதே குறை.

அம்மையார் ஒருவர் சொன்ன ‘மாற்றா மாறி’ எனக்கு மிகவும் பிடித்தது. மாறு, மாற்று என்ற தன்வினை பிறவினை வேறுபாட்டை ஒரே ஒற்றெழுத்தில் காட்டுகிறது. ஆனால் அதை ‘முடிவை மாற்றாத மாறி’ என்றும் படிக்கலாம். அப்படிப் படிக்கிற பிள்ளை, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். உண்மை நேர் எதிர்: முடிவை மாற்றிவிடும் என்பதால்தானே அதைப் பிடித்து வைக்கிறோம்!

அதனால்தான் ‘கட்டுமாறி’ என்கிறேன். கட்டிய, கட்டுகின்ற, கட்டும் மாறி, வினைத்தொகை. இதனோடு நாம் மாற்றுவது ‘மாற்றுமாறி’, அதனால் விளைவது ‘விளைமாறி’. மூன்றும் ஒரே வார்ப்பு. பின்னிரண்டுக்கும் கணக்குப் பாடத்தில் உள்ள சாரா மாறி, சார்ந்த மாறி அங்கே அப்படியே இருக்கட்டும். சமன்பாட்டுக்கு அவை போதும். கையால் செய்து பார்க்கிற இடத்துக்கு வினை தெரிகிற சொல் வேண்டும்.

இந்தச் சொல்லைப் போன வாரம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். விதை முளைப்புச் சோதனை. வெளிச்சம் மாற்றுமாறி, நீர், மண், விதை எல்லாம் கட்டுமாறி. ஒரு பையன் இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வெயில்ல வச்சது சூடாவும் இருக்கே, வெப்பத்தை நாம கட்டவே இல்லையே” என்றான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்புறம் அரைமணி நேரம் வெப்பத்தை எப்படிக் கட்டுவது என்ற பேச்சுதான்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ‘கட்டுமாறு’, ‘மாற்றுமாறு’ என்ற ஏவல் வழக்கோடு ஒலி நெருங்குகிறது. எழுத்தில் குழப்பம் வராது. வாய்விட்டுச் சொல்லும்போது இடறுகிறதா என்று மற்ற ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். இடறினால் ‘கட்டிய மாறி’ என்று பிரித்தே வைத்துக்கொள்ளலாம், எனக்குத் தடையில்லை.

அன்புடன்.