பழைய மேசைக் கணினியில் விண்டோஸ் 11: பயோஸைப் புதுப்பித்தே ஆகவேண்டுமா?

ஹட்டன்: இன்டெல் ஐ5 8400 செயலியும் எச்310 தாய்ப்பலகையும் உள்ள எனது கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால் 11க்கு மாற முயன்றேன், டிபிஎம் 2.0 (மறையாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என மறுக்கிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் தாய்ப்பலகை மென்பொருளான பயோஸைப் புதுப்பிக்கலாமென்றால், பென் டிரைவிலுள்ள கோப்பைத் தாய்ப்பலகை காணவே இல்லை. மழைக்காலத்தில் இங்கு மின்சாரம் அடிக்கடி போவதால் தயக்கமாகவும் இருக்கிறது.

நுவரெலியா: அவசரப்படாதீர்கள் நண்பரே. அந்தச் செயலியோடு வரும் பிடிடி வசதியே டிபிஎம் 2.0 ஆகச் செயற்படும். பல பலகைகளில் அது அணைக்கப்பட்டே இருக்கும். பயோஸில் அதை இயக்கிப் பாருங்கள்.

பண்டாரவளை: பிடிடி அங்கே இல்லாவிட்டால் மட்டும் புதுப்பியுங்கள். பென் டிரைவை என்டிஎஃப்எஸ் அல்லாமல் ஃபேட்32 எனும் கோப்பு முறைமையில் வடிவமைத்து, பலகையில் அச்சிட்டுள்ள மாதிரி எண்ணுக்கும் திருத்த எண்ணுக்கும் உரிய கோப்பை, சுருக்கப்பட்ட சிப் (zip) கோப்பைப் பிரித்த பின் இடுங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். எழுதும்போது மின்சாரம் போனால் பலகையே எழும்பாமற் போகலாம். வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லொக்கர் இருந்தால் முன்னதாக இடைநிறுத்துங்கள். புதுப்பித்ததும் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால் பிடிடியை மீண்டும் இயக்க நேரலாம்.

ஹட்டன்: நன்றி. பிடிடியை இயக்கியதும் டிபிஎம் 2.0 தெரிகிறது, இப்போது செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) இல்லையென்கிறது.

நுவரெலியா: வட்டு எம்பிஆர் எனும் பழைய பிரிவினை முறையில் இருக்கக்கூடும். கோப்புகளைப் பிரதியெடுத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் சரிபார்த்து, பிறகு புதிய ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள். அதன்பின்னரே செக்யூர் பூட்டுக்குத் தடையான பழைய தொடக்க முறையான சிஎஸ்எம்மைப் பயோஸில் அணைக்க வேண்டும்; முந்தினால் விண்டோஸ் தொடங்காது.