மறு: கிராஷ் – செயலிழப்பா, நொறுங்கலா?

> கிராஷ் என்பதற்கு ‘நொறுங்கல்’ என்றே வைத்துவிடலாம். ‘செயலிழப்பு’ நீளம்.

அன்பின் நண்பர்களுக்கு,

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் திடீரென நின்றுபோவதைத்தான் ஆங்கிலத்தில் ‘கிராஷ்’ என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நீளத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. செயலிழப்போடு எனக்குள்ள சண்டை வேறு. போன கிழமை என் மருமகன் பட்ட பாட்டைச் சொன்னால் விளங்கும்.

அவனுக்கு வானத்தைப் படம் பிடிக்கும் பைத்தியம். இரணைமடுக் குளத்துப் பக்கம் இருட்டான இடமாகப் பார்த்துக் கமராவை வைப்பான். குளம் இருக்கும் இலங்கையின் வன்னிப் பகுதி வட அகலக்கோடு 9 பாகை சொச்சத்தில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டி மரங்களுக்குள் ஒளிந்துகொள்ளும், அதைப் பிடித்து, வானம் சுழலும் வேகத்தில் கமராவைத் திருப்பும் தாங்கியை நேர்ப்படுத்துவதற்குள் பாதி இரவு போய்விடும். பதிலுக்குத் தெற்கே ஒமேகா செந்தோரி என்ற நட்சத்திரக் கொத்து 33 பாகை உயரத்துக்கு எழும்பி வரும். பங்குனிக் கடைசியில் அதை ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக 120 படம் எடுத்து வைத்திருந்தான். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டில் எடுத்த படங்களில் விழும் புள்ளி இரைச்சலைக் குறைத்து ஒரே படமாக்க வேண்டும். பழைய கணினியில் அது ஊர்ந்தது. காசு சேர்த்து மதர்போர்டும் புரொசெசரும் மாற்றினான். பழைய ரேம் (நினைவக அட்டை) இரண்டோடு புதிதாக இரண்டு சேர்த்து 32 ஜிபி ஆக்கினான்.

அன்று இரவே போன்: “மாமா, புரோகிராம் படுத்திட்டுது.”

“படுத்திட்டுது எண்டா? தானா மூடிட்டுதா, அசையாமல் நிக்குதா, இல்லாட்டி மிசினே நிண்டு திரும்ப எழும்புதா?”

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மூன்றுக்கும் மூன்று வழியில் தேட வேண்டும். மிசினே நின்று எழும்பினால் நான் முதலில் பார்ப்பது பவர் சப்ளையையும் சூட்டையும். அசையாமல் நின்றால் டிஸ்க் திணறுகிறதா என்று பார்ப்பேன். தானாக மூடினால், ஒவ்வொரு முறையும் அதே படத்திலா, வேறு வேறு படத்திலா என்று கேட்பேன். அதே படம் என்றால் அந்தக் கோப்பில், அல்லது மென்பொருளில் கோளாறு இருக்கலாம். அவனுக்குத் தானாகத்தான் மூடியது, ஒருமுறை 17-ஆம் படத்தில், அடுத்தமுறை 63-இல், பிறகு 41-இல். அப்போதே ரேமில் சந்தேகம் வந்தது.

ஆனால் பாட்டுக் கேட்டால், படம் பார்த்தால் ஒரு குறையும் இல்லை என்றான். இருக்காதுதான். 24 மெகாபிக்சல் படம் ஒன்றை மூன்று நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் புள்ளிக்கு 4 பைட் கொடுத்தால் 288 எம்பி. 120 படத்துக்கு 34 ஜிபியைத் தாண்டும். அடுக்கும் மென்பொருள் கிடைக்கிற நினைவகத்தை எல்லாம் அள்ளும். மற்ற வேலைகள் எட்டிப் பார்க்காத மூலைக்கும் போகும். அங்கே ஒரு பிட் புரண்டது, அதாவது 0 என்பது 1 ஆனது, படத்தின் புள்ளியில் என்றால் ஒரு பொட்டு விழும், அவ்வளவுதான். நினைவகத்தில் எங்கே போவது என்று சொல்லும் முகவரியில் புரண்டால் மென்பொருள் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைக்கும், இயங்குதளம் அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டான். விடிய எழும்பிப் பார்த்தால் பிழைகள் வரிசையாக. பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருக்கும் வேகம், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில், ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டால்தான் வரும். கடைக்காரர் போட்டுத்தான் கொடுத்திருந்தார். இரண்டு சோடி வெவ்வேறு ரேம் அந்த வேகத்தில் ஒத்துப்போகவில்லை. எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டதும் 2133-க்கு இறங்கியது, சோதனையில் ஒரு பிழையும் இல்லை. 120 படமும் ஒரே மூச்சில் அடுக்குப்பட்டன.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘செயலிழப்பு’ மேலே சொன்ன மூன்றுக்கும் பொருந்துகிறது, சிறுநீரகத்துக்கும் பொருந்துகிறது. ‘நொறுங்கல்’ ஆங்கிலச் சொல்லை அப்படியே தூக்கி வைத்தது. இங்கே எதுவும் நொறுங்கவில்லை, நல்ல நிலையில் இருந்த மென்பொருளை இயங்குதளம் வெளியே தள்ளியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் காற்றுக்கு நெல் சாய்ந்தாலும் ‘படுத்திட்டுது’, உழவு மிசின் நின்றாலும் ‘படுத்திட்டுது’. உயிருள்ள சொல், எனக்கு ஆசையும் உண்டு. ஆனால் பெயர்ச்சொல் ஆக்கப் போனால் ‘படுக்கை’ வந்து நிற்கிறது!

என் முன்மொழிவு இடைமுறிவு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அறுந்துபோனது என்பதை மட்டும் சொல்கிறது, யார் பிழை என்று சொல்லவில்லை. ‘அடுக்கும்போது இடைமுறிந்தது’ என்று வினையாகவும் வரும். ‘இடைமுறிவுப் பதிவு’, ‘இடைமுறிவு அறிக்கை’ என்று நீட்டிப் பார்த்தேன், வாய் தடுக்கவில்லை. அசையாமல் நிற்பதற்கு ‘உறைவு’, மிசின் நின்று எழும்புவதற்கு ‘மீள்தொடக்கம்’ என்று பிரித்துக்கொள்ளலாம். மருமகனிடம் சொன்னேன், “நல்லாத்தான் இருக்கு, ஆனா போனில நான் படுத்திட்டுது எண்டுதான் சொல்லுவன்” என்றான். சொல்லட்டும்.

ஒன்றுதான் உறுத்துகிறது. நிரல் எழுதுபவர்கள் வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் இடத்தை ‘முறிவுப்புள்ளி’ என்கிறார்கள். அந்த முறிவும் இந்த முறிவும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் குழம்புவார்களா? வகுப்பில் நிரலாக்கம் படிப்பிக்கிறவர்கள் யாராவது இதற்குப் பதில் எழுதுங்கள். குழப்பும் என்றால் ‘இடையறவு’ என்று மாற்றிக்கொள்ள எனக்குச் சம்மதம்.