வீடற்ற இளையோருக்கு நாடகப் பயிலரங்கு: வட சென்னையில் எப்படித் தொடங்குவது?

பெரம்பூர்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். பாரிமுனையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் பரதம் கற்றவள். கல்லூரி நாட்களில் வீதி நாடகக் குழு ஒன்றிலும் இருந்தேன். திருமணம், குழந்தை என்று கைவிட்டுப் போனதை மீண்டும் தொட வேண்டும் என்ற ஆசை சில காலமாகவே உண்டு. ஆனால் அந்த ஆசை என்னைச் சபா மேடையின் பக்கம் இழுக்கவில்லை.

வேலை முடிந்து திரும்பும்போது வால்டாக்ஸ் சாலை நடைபாதைக் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு பேருந்து சிக்னலில் நின்ற சமயம், பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் காலியான இருபது லிட்டர் தண்ணீர் கேனை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையால் அடியிலும் வலது விரல்களால் பக்கவாட்டிலும் தட்டி, ஒரு கானாவுக்குத் தாளம் வாசித்துக்கொண்டிருந்தான். விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். சுத்தமான திசிர நடை (மும்மூன்றாக எண்ணும் தாள நடை), ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து இது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதினைந்து முதல் இருபத்திரண்டு வயது வரையுள்ள வீடற்ற இளையோர் பதினைந்து பேருக்கு, ஞாயிறு காலைகளில் இரண்டு மணி நேரம் வீதம் பன்னிரண்டு வாரங்கள் நாடகமும் அசைவும் கற்பிக்கலாம் என்று எண்ணுகிறேன். ஊதியம் வேண்டாம், சிறு செலவுகளை நானே ஏற்றுக்கொள்வேன். யாரிடம் அனுமதி பெற வேண்டும், எந்தப் பயிற்சிகளில் தொடங்கலாம், கடைசி வாரம் அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளையே ஒரு நிகழ்ச்சியாக மேடையேற்றுவது சரியாக இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் குறை சொல்லலாம்.

ராயபுரம் பழையவர் எழுதுகிறார்:

அம்மா, வணக்கம். ராயபுரம் பக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கான ஒரு காப்பகத்தில் ஆறு ஆண்டுகள் வாரந்தோறும் நாடகம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். குறை சொல்லச் சொன்னீர்கள். முதல் குறை ஞாயிறு காலை. வங்கியில் இருப்பவருக்கு அது விடுமுறை. காசிமேட்டில் மீன் வியாபாரம் அதிகம் சூடு பிடிப்பதே அன்றுதான். ஐஸ் உடைப்பது, கூடை தூக்குவது, மீன் வெட்டிக் கொடுப்பது என்று பையன்கள் விடியலுக்கு முன்பே அங்கே போய்விடுவார்கள். முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறவும் ஊர்வலத்தில் விளக்குத் தூக்கவும் போவார்கள். நான் மூன்று ஞாயிறுகள் காலிக் கூடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, செவ்வாய் மாலை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் நிறைய வரும், ஆனால் கையில் காசிருக்காது, வயிறும் காலியாக இருக்கும்; தடை முடிந்த மறுநாளே பாதிப் பேர் காணாமல் போவார்கள். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே முதலில் சாப்பாடு, பிறகு பயிற்சி. தேநீரும் பிஸ்கட்டும் போதாது. முடிந்தால் ஆளுக்கு ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சாதமாவது இருக்கட்டும். முடிவில் தருவதாகச் சொல்லி வைத்திருந்தால் அது கூலி போலாகிவிடும், பசியோடு குதிக்கச் சொல்வதும் நியாயமில்லை.

நாடகப் பள்ளிகளில் நாம் கற்றுக்கொண்ட பயிற்சிகள் எல்லாம் வீட்டில் தூங்கி எழுந்து வருகிறவர்களுக்காக உண்டானவை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. முதல் நாள் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாயுங்கள், நண்பர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றேன். ஒருவன்கூடக் கண்ணை மூடவில்லை. நடைபாதையில் படுப்பவன் தெரியாத ஆட்கள் நடுவில் கண்ணை மூட மாட்டான். செருப்பைக்கூடத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பான். நானும் விடாமல் இரண்டாவது வாரம், தரையில் மல்லாந்து படுத்து மூச்சைக் கவனியுங்கள் என்றேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது, வெளியே காவலாளி இருந்தார். ஐந்து நிமிடத்தில் பதினொரு பேரும் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார்கள். எழுப்ப மனம் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் மூலையில் உட்கார்ந்து கொசு விரட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது ஒருவன் என்னைப் பார்த்து, "இன்னாண்ணா, நீ தூங்கலியா? அடுத்த வாரமும் வருவியா?" என்று கேட்டான். பயிலரங்கு உண்மையில் மூன்றாவது வாரம்தான் தொடங்கியது.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் கடக்கும் அதே வால்டாக்ஸ் சாலையில்தான் ஒற்றைவாடை தியேட்டர் இருந்தது. ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனிகள் அங்கே வந்து ஆடின. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் சபைகளில் சேர்ந்த பிள்ளைகள் பலர் வறுமையால், சோறு கிடைக்கும் என்பதற்காகவே சேர்க்கப்பட்டவர்கள். பாட்டும் வசனமும் அடி உதையோடு சேர்ந்தே வந்தன. பருவ வயதில் குரல் மாறி மகரக்கட்டு உடைந்ததும் நேற்று வரை நாயகி வேடம் கட்டிய பையனுக்குக் கம்பெனியில் மவுசு போய்விடும். தமிழ் மேடை இந்தப் பிள்ளைகளுக்குப் புதிய இடம் அல்ல. அவர்களை வைத்துக் காசு பார்த்துவிட்டுக் கைவிட்ட பழைய கணக்கும் அதற்கு உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

காப்பகப் பணியாளர் எழுதுகிறார்:

அனுமதி பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நகரத்தில் ஒரு லட்சம் மக்கள் தொகைக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதை ஒட்டி, சென்னை மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடத்தப்படுகின்றன. எனவே நடத்தும் நிறுவனத்திடமும் மாநகராட்சியிடமும் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுங்கள். ஆதார் நகலும் காவல்துறைச் சரிபார்ப்பும் கேட்டால் சங்கடப்படாதீர்கள். கேட்காத இடம்தான் உங்களைக் கவலைப்படுத்த வேண்டும்.

பதினைந்து முதல் இருபத்திரண்டு என்று நீங்கள் வைத்திருக்கும் வயது வரம்பு சட்டத்தின் கண்ணில் இரண்டு வெவ்வேறு கூட்டங்கள். 18 வயது நிரம்பாதவர் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தை. பெற்றோர் துணையின்றித் தனித்து இருக்கும் ஒரு குழந்தையை நீங்கள் எதிர்கொண்டால், 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. தாய் தந்தையோடு நடைபாதையில் வாழும் பிள்ளையின் நிலை வேறு. அங்கே பெற்றோரிடம் பேசி ஒப்புதல் பெற வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்லெண்ணத்தில் தாமாகவே பிள்ளைகளைத் திரட்டியவர்கள் சிக்கலில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

புகைப்படம் வேண்டாம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, இருப்பிடம் என அடையாளம் தெரியும்படி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பின்னால் தெரியும் கடைப் பலகையை மறந்துவிடுகிறார்கள், அதுவும் அடையாளம்தான்.

இன்னொன்று. நாடகப் பயிற்சியின் நடுவே ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லக்கூடும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஏனெனில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். எதை என்னால் இரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் வாரமே எளிய சொற்களில் சொல்லிவிடுவதுதான் நேர்மை. காப்பகத்தின் மனநல ஆலோசகர் அல்லது பொறுப்பாளர் ஒருவர் பயிற்சி முடியும் வரை அதே கட்டடத்தில் இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

டோலக் எழுதுகிறார்:

வணக்கம் சகோதரி. மேலே எழுதிய பெரியவர்கள் கற்பிக்கும் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். நான் கற்ற பக்கம். பிராட்வேயில் நடைபாதையில் வளர்ந்தேன், இப்போது வியாசர்பாடியில் வாடகை வீடு, கச்சேரிகளுக்கு டோலக் வாசிக்கிறேன், ஒலி அமைப்பும் செய்கிறேன்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது ஒரு குழு வந்தது. மூன்று மாதம் விளையாட்டுக் காட்டினார்கள். கடைசியில் நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு குளிரூட்டிய அரங்கில் நாடகம் போட்டோம். அதில் எனக்கு என் வேடமேதான். குப்பை பொறுக்க வேண்டும், போதைக்குப் பசை முகர வேண்டும், அம்மா செத்ததைச் சொல்லி அழ வேண்டும். ஒத்திகையில் அழுகை வரவில்லை என்று ஏழு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அன்று அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஒரு அம்மா மேடைக்கு வந்து என் கன்னத்தைத் தடவினார். வேனில் திரும்பக் கொண்டுவந்து அதே நடைபாதையில் இறக்கிவிட்டார்கள். அடுத்த வாரம் நாங்கள் எட்டுப் பேரும் குளித்துவிட்டுக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் காத்திருந்தோம். முடிந்துவிட்டது என்பதை எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை.

எனவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். எங்கள் கதை எங்களுக்குத் தெரியும். அதை நடித்துக் காட்ட ஒரு பயிலரங்கு தேவையில்லை. எங்களுக்கு ராஜா வேடம் கொடுங்கள், போலீஸ் வேடம் கொடுங்கள், வங்கி மேலாளர் வேடம் கொடுங்கள். காப்பகத்தில் பின்னாளில் நாங்களே போட்ட ஒரு கூத்தில், நள்ளிரவில் எங்களை எழுப்பி விரட்டும் காவலராக என் நண்பன் நடித்தான்; லத்தியைச் சுழற்றிய விதமும் "ஏந்திரி, ஏந்திரி" என்ற குரலும் அச்சு அசல். அன்று நாங்கள் சிரித்ததைப் போல் அதற்கு முன் சிரித்ததில்லை.

பரதம் தெரியும் என்று எழுதினீர்கள். இவர்களுக்குப் பரதம் எதற்கு, கானாவும் குத்தும் போதும் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்; முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டி சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லுங்கள், உங்கள் ஆசிரியர் உங்களிடம் சொன்னதைப் போலவே. அதேபோல் கானாவைக் கேட்டுவிட்டு, "அட, நன்றாக இருக்கிறதே" என்று வியக்கவும் வேண்டாம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகியவர்களிடம் கற்ற கலை அது. 2018இல் கீழ்ப்பாக்கத்தில் கானாவும் பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது ஊர் திரண்டு வந்து கேட்டது. நீங்கள் பேருந்திலிருந்து எண்ணியதாகச் சொன்ன அந்தத் திசிர நடைக்கு அவனிடம் வேறு பெயர் இருக்கும். அதைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.

மேடை ஏறுவது மட்டும் கலை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, கேபிளைச் சிக்கல் விழாமல் எப்படிச் சுருட்டுவது, முன்பணம் வாங்காமல் ஏன் கச்சேரிக்குப் போகக் கூடாது என்பதையெல்லாம் எனக்கு ஒரு ஒலி அமைப்பாளர் அண்ணன் கற்றுக்கொடுத்தார். இன்று என் வீட்டு வாடகை அந்தக் கேபிளிலிருந்துதான் வருகிறது.

பெரம்பூர்வாசி மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. டோலக் அவர்களின் பதிலைப் படித்துவிட்டு, என் திட்டத் தாளில் 'இறுதி நிகழ்ச்சி: எங்கள் கதை' என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன், அதை எழுதியபோது பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. செவ்வாய் மாலை எனக்கும் ஒத்து வரும். ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது: பெண்பிள்ளைகளையும் அதே நேரத்துக்கு அழைக்கலாமா?

காப்பகப் பணியாளர் எழுதுகிறார்:

முதல் சுற்றில் தனியாக அழையுங்கள், மாலை நான்கு மணிக்கு. இருட்டுவதற்குள் அவர்கள் தங்குமிடம் திரும்பிவிட வேண்டும். சாத்தக்கூடிய கதவு, தாழ்ப்பாள் போடும் கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை ஆகிய மூன்றும் இல்லாத கூடம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும் வேண்டாம். அந்தக் கழிப்பறையில் நாப்கினும் ஒரு சோப்பும் வைத்துவிடுங்கள், அறிவிக்கத் தேவையில்லை. தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். திருப்பி அனுப்பினால் அக்காவும் வர மாட்டாள், ஆகவே ஒரு பாயும் கொஞ்சம் பொம்மைகளும் ஓரத்தில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு சுற்றை முடித்துக்கொள்வது நல்லது. மழை தொடங்கினால் நடைபாதையில் இருப்பவர்கள் எல்லோரும் காப்பகத்துக்குள் வருவார்கள், பயிற்சிக் கூடம் படுக்கும் கூடமாகிவிடும்.

ராயபுரம் பழையவர் எழுதுகிறார்:

பன்னிரண்டு வாரம் என்றால் சுவரில் ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு ஒட்டி, ஒவ்வொரு செவ்வாயும் ஒரு பையனை விட்டு ஒரு கட்டத்தை அடிக்கச் சொல்லுங்கள். எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். டோலக் தம்பிக்கு நேர்ந்தது நேராது. நீங்கள் வர முடியாத வாரம் முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் கட்டத்தில் அப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

டோலக் எழுதுகிறார்:

ஐயா சொன்னது நல்ல யோசனை. சகோதரி, என்னிடம் பழைய டோலக் ஒன்றும் டேப் என்ற தாள வாத்தியம் ஒன்றும் சும்மா கிடக்கின்றன. டோலக்கின் கயிறு தளர்ந்திருக்கிறது, இறுக்கிக்கொண்டு வருகிறேன். முகூர்த்தம் இல்லாத செவ்வாய்களில் நானும் வர முடியும். அந்தத் தண்ணீர் கேன் பையன் வந்தால் எனக்குச் சொல்லுங்கள். எந்தச் சிக்னல் என்று எழுதினால் நானே போய்ப் பார்க்கிறேன்.