அம்மாவுக்கு இருநிற எஃகுக் கைக்கடிகாரம்: பொன்னிறம் நிலைக்குமா?

சுங்கை சிப்புட் மகள்:

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்துச் செம்பனை நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்த என் அம்மா இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். தீபாவளிக்கு அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தர விரும்புகிறேன். அவர் எப்போதும் பொன் வளையல் அணிபவர் என்பதால், வெள்ளி நிறமும் பொன்னிறமும் கலந்த எஃகுச் சங்கிலி உள்ள கடிகாரமே பொருந்தும் என்று தோன்றுகிறது. பட்டணத்துக் கடையில் ஒன்றை 160 வெள்ளிக்கும் (ரிங்கிட்) மற்றொன்றை 430 வெள்ளிக்கும் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் ஒன்றுபோலவே மின்னுகின்றன. என்ன வேறுபாடு என்று கேட்டால், "இது நல்ல சரக்கு" என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு வியர்வை அதிகம். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிவிடும். அன்றாடம் அணியப்போகும் கடிகாரத்தில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஈப்போ கடிகாரக்காரர்:

அன்புத் தங்கைக்கு வணக்கம். நெடுங்காலம் கடிகாரம் பழுதுபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகப்பைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைத் திருப்பிப் பின்மூடியைப் படியுங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் இருந்தால், பின்மூடி மட்டுமே எஃகு என்று பொருள். உடற்பகுதி பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளையாகவோ மலிவான வேறு உலோகமாகவோ இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை அந்த முலாமை அரித்து உள்ளே புகுந்துவிட்டால் ஓரங்களில் பச்சை களிம்பு பிடிக்கும். 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றோ '316எல்' என்றோ பொறித்திருப்பதைத் தேடுங்கள். 316எல் எஃகில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால், வியர்வையில் உள்ள உப்பை அது நன்றாகத் தாங்கும்.

அடுத்தது பொன்னிறம். ரோலெக்ஸ் நிறுவனம் 1933 முதல் 'ரோலெசார்' என்ற பெயரில் தங்கத்தையும் எஃகையும் இணைத்துச் செய்யும் கடிகாரங்களில் பொன்னிறப் பாகங்கள் மெய்யான தங்கம். அந்த விலை நமக்கு வேண்டாம். நாம் வாங்குகிற விலையில் இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, மின்முலாம். பழைய சுவிஸ் கடிகாரங்களில் 10 மைக்ரான், 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று தடிமனைப் பொறித்தே விற்றார்கள், அவை நெடுநாள் உழைத்தன; இன்றைய மலிவுக் கடிகாரங்களில் முலாம் அதைவிட மிக மெல்லியது. மற்றொன்று, வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறை. விவரத் தாளில் 'பிவிடி' அல்லது 'ஐபி' என்று குறித்திருப்பார்கள். இதில் பெரும்பாலும் பயன்படும் டைட்டேனியம் நைட்ரைடு தானே பொன்னிறம் உடையது, எஃகைவிடப் பன்மடங்கு கடினமானது. அன்றாடம் அணிபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் எந்தப் பூச்சானாலும் ஒருமுறை தேய்ந்துவிட்டால் ஊர்க் கடையில் திரும்பப் பூச இயலாது என்பதையும், நகை மினுக்கும் பொடியால் தேய்த்தால் பொன்னிறம் தேய்ந்து போகும் என்பதையும் அம்மாவிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள். முதலில் வெளுப்பது பூட்டின் அடிப்பக்கமும் கண்ணிகளின் விளிம்பும்தான், ஏனெனில் மேசையில் உரசுவது அவைதாம்.

சங்கிலியைக் கையில் தூக்கி மெல்ல ஆட்டிப் பாருங்கள். தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற கண்ணிகள் கலகலவென்று ஒலிக்கும், முடியையும் இழுக்கும். கட்டியான கண்ணிகள் கனமாக, ஓசையின்றித் தொங்கும்.

கம்பார் ஆசிரியை:

தங்கை, காதுப் புண் என்றதும் எழுதத் தோன்றியது. கவரிங்கால் வரும் புண்ணுக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம், எனக்கும் அப்படித்தான். 316எல் எஃகிலும் நிக்கல் உண்டு. ஆனால் கலவைக்குள் இறுகப் பிணைந்திருப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறும், ஆகையால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆபத்து, மலிவான முலாமுக்கு அடியில் பூசும் நிக்கல் படலத்தில்தான். கடும் ஒவ்வாமை உள்ளவராக இருந்தால், வாங்குவதற்கு முன் தோல் மருத்துவரைக் கேட்பதே நல்லது. இன்னொன்று: சங்கிலியின் அடியில் வியர்வையும் சோப்பும் தங்கினாலும் தோல் சிவக்கும். விபூதி, சந்தனம், தேங்காயெண்ணெய் எல்லாம் கண்ணிகளின் இடுக்கில் அடைந்து கறுப்பாகும். வாரம் ஒருமுறை ஈரத்துணியாலும் மென்மையான பல்துலக்கியாலும் துடைக்கச் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட் மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. மீண்டும் கடைக்குச் சென்று பார்த்தேன். 160 வெள்ளிக் கடிகாரத்தில் ஐயா சொன்னபடி 'பேக்' என்றே இருந்தது. மற்றொன்று முழு எஃகு. விவரத் தாளில் 'ஐபி' என்றும், நீர் தாங்கும் அளவு 3 பார் என்றும் உள்ளது. அதையே எடுக்கிறேன். அம்மாவின் மணிக்கட்டு மிக மெலிந்தது. அவருக்குத் தெரியாமல் வாங்குவதால் அளவுதான் கவலையாக இருக்கிறது.

ஈப்போ கடிகாரக்காரர்:

முழு நீளத்திலேயே வாங்குங்கள், தங்கை. தீபாவளிக்குப் பிறகு அம்மாவை நேரில் அழைத்துச் சென்றால் கண்ணிகளைக் கழற்றித் தருவார்கள். பூட்டு மணிக்கட்டின் நடுவில் அமைய இருபுறமும் ஏறக்குறைய சமமாகக் கழற்ற வேண்டும். கண்ணியின் உட்புறத்தில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில்தான் ஊசியைத் தள்ள வேண்டும், எதிர்த்திசையில் தட்டினால் துளை சிதையும். வெயிலில் கை சற்று வீங்கும் என்பதால் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விடச் சொல்லுங்கள். கழற்றிய கண்ணிகளையும் ஊசிகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே பூச்சில் பின்னர் கிடைப்பது அரிது. 3 பார் என்பது மழைத்தூறலுக்கும் கை கழுவுவதற்கும் போதும், குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். முள் நின்றுவிட்டால் செத்த பாட்டரியை உள்ளேயே விட்டுவைக்க வேண்டாம்; அது கசிந்தால் இயந்திரமே கெட்டுவிடும்.