ஆங்கிலத்தில் "இஃப்" பக்கத்தில் "வில்" வரலாமா: வகுப்பிலும் வேலையிலும் பார்த்ததைப் பகிருங்கள்

சாயங்கால பேட்ச்
ஓஇடி, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு, அதன் ஸ்பீக்கிங் மாதிரித் தேர்வு. சூழலைச் சொல்லும் ரோல்பிளே கார்டு கையில், ஐந்து நிமிடம் நடித்துப் பேச வேண்டும். நர்ஸாகப் பேசிய பெண் எங்கும் தடுமாறவில்லை. கடைசியில் நோயாளியிடம் "இஃப் யூ வில் ஃபீல் எனி பெயின், பிரஸ் தி பெல்" என்றார். வில் வேண்டாமே என்றதும் கொஞ்சம் யோசித்து, "இஃப் யூ ஃபெல்ட் எனி பெயின்" என்று மாற்றினார். எதிர்காலத்திலிருந்து நேராக இறந்தகாலத்துக்கு! நடுவில் இருந்த நிகழ்கால "ஃபீல்" அவர் கண்ணிலேயே படவில்லை. அந்த இடம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வலித்தால், பெய்தால், வந்தால், போனால் எல்லாமே இறந்தகால அடியில் "ஆல்" ஒட்டி வந்தவை. பொருளைப் பார்த்தால் இனி நடப்பது, உருவத்தைப் பார்த்தால் நடந்து முடிந்தது. நிகழ்காலத்தை எடு என்று தமிழில் எதுவும் கை காட்டுவதில்லை.

சரக்கு மெயில்
அதே கோளாறு மெயிலில் வந்தால் வாடிக்கையாளர் பதறிவிடுவார். "பார்ட்ஸ் நாளைக்கு வந்தால் வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவோம்" என்று சொல்ல வந்து, ஒரு ஏற்றுமதி ஆபீஸில் ஒருவர் எழுதியது: "இஃப் தி பார்ட்ஸ் கேம் டுமாரோ, வீ வுட் டிஸ்பாட்ச் ஆன் ஃப்ரைடே." வுட் போட்டது மரியாதைக்காக. பத்து நிமிடத்தில் பதில்: அப்படியென்றால் நாளைக்கு வராது என்கிறீர்களா? கேம், வுட் இரண்டும் சேர்ந்தால் "நடக்கிற மாதிரி தெரியவில்லை" என்ற தொனி வந்துவிடும். "கம்", "வில்" என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

மூணாம் பெஞ்ச்
ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, பேச்சின் முதல் பகுதிப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்ற சாதாரணக் கேள்வி. பையன் சொன்னது: "ஐ வில் கோ டு மை கிராண்ட்மதர்ஸ் ஹவுஸ். ஷி வில் மேக் பிரியாணி." கேட்டவர், வருகிற ஞாயிறா என்றார். பையன் முழித்தான். அவனைப் பொறுத்தவரை "போவேன், செய்வாங்க" என்பது வாராவாரம் நடப்பது. நம் எதிர்கால வினை வழக்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. வழக்கம் என்றால் "ஐ கோ, ஷி மேக்ஸ்", அவ்வளவுதான். இஃப்புக்கும் ஒரே விதி போதும்: இஃப் பக்கத்தில் வில் வரவே வராது.

வரப்பு
@மூணாம் பெஞ்ச், பிரியாணி விஷயம் சரி. "வரவே வராது" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது சார். "ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்" முழுக்கச் சரியான வாக்கியம். அது நிபந்தனை இல்லை, "வருவாரா என்று தெரியவில்லை". இஃப்பை எடுத்துவிட்டு வெதர் (whether) போட்டுப் பாருங்கள், பொருந்தினால் வில் இருக்கலாம். "இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் தி மேனேஜர்" என்பதும் சரி, அங்கே வில் என்றால் தயவுசெய்து இருக்க முடியுமா என்று கேட்பது. நீங்கள் சொன்ன விதியை மனப்பாடம் செய்த ஒரு மாணவி, சரியாக எழுதியிருந்த "இஃப் ஹி வில் கம்" மேல் தானே கோடு போட்டு அடித்துவிட்டு "இஃப் ஹி கம்ஸ்" என்று எழுதினார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தாமிரபரணி
ஒரு அம்மா மகளிடம், "அப்பா வந்தா சொல்லு" என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். "இஃப் அப்பா கம்ஸ், டெல் மீ" என்றது குழந்தை. அப்பா தினமும் ஆறு மணிக்கு வருகிறவர்! அங்கே வென்தான் வேண்டும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். "ஆல்" வருகிற தமிழ் வாக்கியம் பத்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் நடக்குமா என்பதே சந்தேகமா, எப்போது என்பது மட்டும்தான் சந்தேகமா என்று கேளுங்கள். முதலாவது இஃப், இரண்டாவது வென். அடுத்து இஃப் அல்லது வென் இருக்கும் பாதியில் வினையை நிகழ்காலத்தில் வையுங்கள். ஹி, ஷி, இட் என்றால் எஸ் விடக்கூடாது. "இஃப் இட் ரெயின்" என்று விடுபடுவது இங்கேதான். மறுபாதியில் வில். கேன், மே, ஷுட், நேரடிக் கட்டளை எதுவும் வரலாம். பிறகு பாதிகளை இடம் மாற்றிச் சொல்லுங்கள். இஃப் முன்னால் வந்தால் நடுவில் கமா, பின்னால் போனால் கமா வேண்டாம். அன்டில், பிஃபோர், ஆஸ் சூன் ஆஸ் எல்லாவற்றுக்கும் இதே கதை: "அன்டில் ஹி வில் கம்" இல்லை, "அன்டில் ஹி கம்ஸ்". அன்லெஸ் வந்தால் இன்னொரு நாட் சேர்க்காதீர்கள். "படிக்காவிட்டால்" என்பதற்கு "அன்லெஸ் யூ ஸ்டடி" போதும், இல்லாமை அதற்குள்ளேயே இருக்கிறது.

வில் எங்கே, கோயிங் டு எங்கே என்பதற்கு விளக்கத்தைவிடச் சூழல் உதவும். போன் அடிக்கிறது, அந்தக் கணத்தில் முடிவெடுக்கிறீர்கள்: "ஐல் கெட் இட்." வானம் கறுத்திருக்கிறது, சான்று கண்முன்னே: "இட்ஸ் கோயிங் டு ரெயின்." டிக்கெட் எடுத்தாயிற்று: "ஐம் லீவிங் டுமாரோ." ரயில் அட்டவணைக்கு வெறும் "தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்".

சாயங்கால பேட்ச்
@வரப்பு, வெதர் சோதனை நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்.

கால் ஃப்ளோர்
இலக்கணம் சரியாக இருந்தும் கவிழ்ந்த ஒன்று. கால் சென்டர் ஏஜென்ட் சொல்ல வந்தது "இஃப் யூ கேன்சல் டுடே, வீ வோன்ட் சார்ஜ் யூ." உச்சரித்தது "வீ வான்ட் சார்ஜ் யூ". பணம் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து போனில் இருந்த வாடிக்கையாளர் அம்மா கத்த ஆரம்பித்துவிட்டார். வோன்ட்டில் உதடு குவிந்து "ஓ" நீள வேண்டும். வான்ட்டில் வாய் திறந்து குறுகி முடியும். சந்தேகமாக இருந்தால் "வில் நாட்" என்று முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள்.